அஞ்சு ஹெச்.பி. மோட்டாரும் என் அரைகுறைக் கணக்கும்

ஒரு மோட்டார் எவ்வளவு பவர் கொடுக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? எலக்ட்ரிக்கல் படிக்கிற யாரைக் கேட்டாலும் அரை நிமிஷத்துல பதில் வந்துடும். நானும் சொல்லுவேன். லேப் வைவாவுல இதைச் சொல்லி மார்க்கும் வாங்கியிருக்கேன். ஆனா அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்ங்கறதே எனக்குப் புரியலைன்னு போன லீவுலதான் தெரிஞ்சுது. அது தெரியறதுக்குள்ள ஒரு நல்ல மனுஷனைத் திருடன்னு சொல்லிட்டேன். அந்தக் கதைதான் இது. நடுநடுவுல கணக்கு வரும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஹெச்.பி. (கிளாஸ்மேட்ஸ் எல்லாம் இந்தப் பாராவைத் தாண்டிப் போயிடலாம்.) ஜேம்ஸ் வாட் தன்னோட நீராவி எந்திரத்தை விக்கறதுக்காக, ‘இது இத்தனை குதிரைக்குச் சமம்’னு சொல்ல ஒரு அளவு வச்சார். நிமிஷத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை. அவர் பேரையே பின்னால யூனிட்டா வச்சப்போ அது 746 வாட்னு ஆச்சு. எங்க ஊர் பாஷையில சொன்னா, 76 கிலோவை ஒரே செகண்டுல ஒரு மீட்டர் உயரம் தூக்கினா ஒரு ஹெச்.பி. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. அதனால 10 மீட்டர் ஆழத்துல இருந்து செகண்டுக்கு 7.6 லிட்டர் தண்ணி வந்தா, தண்ணிக்கு ஒரு ஹெச்.பி. போய்ச் சேருதுன்னு அர்த்தம். செகண்டுக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர், ரெண்டையும் பெருக்கி 76-ஆல வகுங்க. அவ்வளவுதான். இந்தக் கணக்கை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசில வேணும்.

எங்க ஊர் தாராபுரம் பக்கம். தோட்டத்துல ஒரு கிணறு, அதுல பாதி ஆழத்துல ஒரு மேடை, மேடை மேல ஒரு மோனோபிளாக் மோட்டார். பம்பும் மோட்டாரும் ஒரே ஷாஃப்ட்டுல. (ஏன் மேல வைக்காம பாதிக் கிணத்துல வைக்கறாங்கன்னு கேட்டா: பம்பு தண்ணிய உறிஞ்சறது இல்லை, காத்தோட அழுத்தம்தான் தள்ளி விடுது. அது கணக்குப்படியே பத்தரை மீட்டருக்கு மேல தள்ளாது, நிஜத்துல ஆறேழு மீட்டரோட சரி.) மோட்டார்ல ஒட்டியிருக்கற தகட்டுல இப்படி இருக்கும்: 5 ஹெச்.பி., 3.7 கிலோவாட், 415 வோல்ட், 7.5 ஆம்ப்ஸ், 2880 ஆர்.பி.எம்.

சாயந்தரம் ஊருக்குப் போய் இறங்கினதுமே அப்பா ஆரம்பிச்சுட்டார். மேல்காட்டுக்குத் தண்ணி ஏறவே மாட்டேங்குது. முன்னாடி ரெண்டு மணி நேரத்துல பாயற வெங்காயக் காடு இப்போ அஞ்சு மணி நேரம் ஆகியும் பாயலை. மூணு ஃபேஸ் கரண்ட் இருக்கற நேரமே கொஞ்சம். மோட்டார் ஆறு மாசத்துக்கு முன்னால காயில் எரிஞ்சு, காயில் கட்டிப் போட்டது.

“கட்டுனதுல இருந்துதான் கண்ணு இப்பிடி. மோட்டாருக்கு வலுவே இல்ல. ஏழரை வாங்கிப் போட்டறலாமான்னு இருக்கறேன்.”

ஏழரை ஹெச்.பி. செட்டுன்னா முப்பதாயிரத்துக்குக் குறையாது. அதுவும் போக எங்க இணைப்பு அஞ்சு ஹெச்.பி.க்குத்தான் வாங்கினது. கூட்டணும்னா மறுபடி எழுதிக் குடுத்து அலையணும். “இருங்கப்பா, அளந்து பாத்துட்டு முடிவு பண்ணலாமுங்க”ன்னேன். படிச்ச பையன் இல்லையா!

மறுபடி காலேஜ் போயிட்டு அடுத்த வாரக் கடைசில வந்தப்போ, லேப்ல கெஞ்சி ஒரு டேக்கோமீட்டரும் ஒரு கிளாம்ப் மீட்டரும் வாங்கிட்டு வந்தேன். கிளாம்ப் மீட்டர் தெரியும்ல, கவட்டை மாதிரி வாயைத் திறந்து ஒயரைக் கவ்வினா ஆம்ப்ஸ் காட்டும். ஒயரை அறுக்க வேண்டியதில்லை. ஒரு சின்ன எச்சரிக்கை: மூணு ஒயரையும் சேத்துக் கவ்வினா சைபர்தான் காட்டும், ஒண்ணை மட்டும் கவ்வணும். இன்னொண்ணு, ஸ்டார்ட்டர் பக்கத்துல கண்டென்சர் போட்டிருந்தா அதுக்கு அப்புறம், மோட்டாருக்குப் போற ஒயர்ல அளக்கணும். முன்னாடி அளந்தா ஆம்ப்ஸ் குறைச்சலாக் காட்டும். எங்க ஊர்ல கண்டென்சர் இல்லாத மோட்டார் ரூமே அபூர்வம். ரெண்டு ஃபேஸ் மட்டும் வர்ற நேரத்துலயும் மோட்டாரை ஓட்டறதுக்காக ஒரு காலத்துல மாட்டினது, அப்படியே கிடக்கும்.

நியாயமாப் பாத்தா மின்சார மீட்டர் இருந்தா இந்த வேலையே இல்லை. மீட்டர்ல சிவப்பு லைட் ஒண்ணு மினுக்கிட்டே இருக்கும், பக்கத்துல ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்குன்னு எழுதியிருக்கும். 800-னு இருந்து, மோட்டார் மட்டும் ஓடறப்போ ஒரு நிமிஷத்துல 36 தடவை மினுக்கினா, 36-ஐ 800-ஆல வகுத்து 60-ஆல பெருக்குங்க. 2.7 கிலோவாட் உள்ள போகுது. டவுன்ல வீட்டு போர் மோட்டார் வச்சிருக்கறவங்க இன்னிக்கே பண்ணிப் பாக்கலாம். எங்களோடது விவசாய இலவச இணைப்பு. மீட்டரே கிடையாது.

அளந்தது இதுதான். வோல்டேஜ் 395. ஆம்ப்ஸ் மூணு ஒயர்லயும் கிட்டத்தட்ட 5.3. மோட்டாரோட பின்பக்க ஃபேன் மூடியைக் கழட்டி, மோட்டார் நின்னுட்டு இருக்கறப்போவே ஃபேன்ல ஒரு பளபள ஸ்டிக்கர் ஒட்டி, ஓட விட்டு டேக்கோமீட்டரைக் காட்டினா 2930.

இந்த 2930-ஐப் பாத்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுது. ஏன்னா அப்போதான் கிளாஸ்ல ஸ்லிப் முடிச்சிருந்தாங்க. மோட்டாருக்குள்ள ஒரு காந்தப்புலம் சுத்தும். 50 ஹெர்ட்ஸ், ரெண்டு போல்னா நிமிஷத்துக்கு 3000 சுத்து. ரோட்டார் அதைத் துரத்திக்கிட்டே ஓடும், ஆனா எட்டிப் பிடிக்காது. பிடிச்சுட்டா ரோட்டார்ல கரண்ட்டே தூண்டப்படாது, இழுக்கற சக்தியே இருக்காது. இப்படிப் பின்தங்கறதுக்குப் பேருதான் ஸ்லிப். முழு வேலை செய்யறப்போ 2880, அதாவது 120 சுத்து பின்தங்கும்னு தகடு சொல்லுது. நான் பாத்தது 70 சுத்து. 70-ஐ 120-ஆல வகுத்தா 58 சதவீதம். அஞ்சு ஹெச்.பி.ல 58 சதவீதம், 2.9.

“அப்பா, அஞ்சு ஹெச்.பி. மோட்டார் மூணு கூடக் குடுக்கலீங்க!”

அதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்தலை. காயில் கட்டறப்போ பழைய கம்பியை எடுக்க ஸ்டேட்டரைச் சூடு பண்ணுவாங்க, ரொம்பச் சூடானா உள்ள இருக்கற இரும்புத் தகடுகளுக்கு நடுவுல இருக்கற இன்சுலேஷன் போயிடும், மோட்டாரோட திறமை குறையும்னு படிச்சிருந்தேன். அது உண்மைதான். சில பேர் கம்பியை மெலிசாப் போட்டு மிச்சம் பிடிப்பாங்கன்னு சீனியர் ஒருத்தர் சொல்லியிருந்தார். இதையெல்லாம் அப்பாகிட்ட எடுத்து விட்டேன். கையில ரெண்டு மீட்டர், நோட்டுல கணக்கு. அப்பா நம்பாம என்ன பண்ணுவார்?

எங்க மோட்டாரைக் கட்டினவர் அப்பாவோட பள்ளிக்கூடத்துல ஒண்ணாப் படிச்சவர். ரெண்டு பேரும் மாப்ளே மாப்ளேன்னுதான் கூப்பிட்டுக்குவாங்க. எனக்கு மாமா. எங்க தோட்டத்து மோட்டாரை அவரைத் தவிர யாரும் தொட்டதில்லை. ஞாயித்துக்கிழமை நான் பஸ் ஏறிட்டேன். திங்கக்கிழமை காலையில அப்பா டீக்கடையில வச்சே அவரைக் கேட்டுட்டார். “கம்பில திருடிப் போட்டயா மாப்ளே? எம்பையன் மிஷின் வச்சு அளந்துட்டான்.” அவர் ஒண்ணும் பேசலையாம். டம்ளரை வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாராம். அப்பா ராத்திரி போன்ல சொன்னப்போ குரல்ல கோவம் இல்லை, வேற என்னமோ இருந்துச்சு. எனக்கு அப்போகூட உறைக்கலை.

உறைச்சது வியாழக்கிழமை லேப்ல.

பிரேக் டிரம் எக்ஸ்பெரிமென்ட். எலக்ட்ரிக்கல்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். மத்தவங்களுக்காக: மோட்டாரோட ஷாஃப்ட்டுல ஒரு இரும்புச் சட்டி மாதிரி டிரம். அதைச் சுத்தி ஒரு பட்டை பெல்ட். பெல்ட்டோட ரெண்டு முனையிலயும் ரெண்டு ஸ்பிரிங் தராசு. மேல இருக்கற கைப்பிடியைத் திருக்கினா பெல்ட் இறுகும். இறுக இறுக டிரம் சூடாகும், அதனால உள்ள தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும், ஆவி பறக்கும். ரெண்டு தராசுக்கும் உள்ள வித்தியாசத்தை டிரம்மோட ஆரத்தால பெருக்கினா டார்க், அதை வேகத்தோட பெருக்கினா அவுட்புட். இந்த யோசனையோட மூலம் 1821-ல பிரான்ஸ்ல டி ப்ரோனிங்கற எஞ்சினியர் பண்ணினது. இருநூறு வருஷம் ஆகியும் மோட்டாரோட ஷாஃப்ட்டுல என்ன வருதுன்னு நேரடியா அளக்கறதுக்கு இதை விட எளிமையான வழி எனக்குத் தெரிஞ்சு இல்லை.

அன்னிக்குக் கைப்பிடி திருக்கற வேலை எனக்கு. பெல்ட் தளர்வா இருக்கறப்போ மோட்டார் 3000-க்குப் பக்கத்துல ஜாலியா ஓடுது. ஆம்ப்ஸ் கம்மி. அவுட்புட் சைபர். நல்ல மோட்டார், புது மோட்டார், அவுட்புட் மட்டும் சைபர்! கைப்பிடியை ஒரு சுத்து திருக்கினேன். வேகம் கொஞ்சம் இறங்குச்சு, ஆம்ப்ஸ் ஏறுச்சு, அவுட்புட் ஏறுச்சு. இன்னொரு சுத்து. இன்னும் ஏறுச்சு. திருப்பித் தளர்த்தினேன். எல்லாம் பழையபடி.

எத்தனை ஹெச்.பி. வெளிய வரணும்ங்கறதை முடிவு பண்ணினது மோட்டார் இல்லை. என் கை.

நான் அப்படியே நின்னுட்டேன். பக்கத்துல ரீடிங் எழுதிட்டு இருந்தவன் “அடுத்தது சொல்லுடா”ங்கறான். தகட்டுல போட்டிருக்கற 5 ஹெச்.பி., அந்த மோட்டார் எரியாம தொடர்ந்து தாங்கக்கூடிய எல்லை. அது கொடுத்தே ஆகற அளவு இல்லை. பம்பு எவ்வளவு கேக்குதோ அவ்வளவுதான் மோட்டார் கொடுக்கும். நான் அளந்த 2.9 தப்பில்லை (இருந்துச்சு, அதுக்கு அப்புறம் வர்றேன்). அதுக்கு நான் சொன்ன அர்த்தம்தான் தப்பு. மோட்டார் நோஞ்சானா ஆகியிருந்தா, அதே வேலைக்கு இன்னும் அதிகமாப் பின்தங்கியிருக்கணும். 2880-க்கும் கீழ போயிருக்கணும். சூடாகியிருக்கணும். 2930-ல ஓடற மோட்டார் வேலை இல்லாம ஓடற மோட்டார். கம்பி மெலிசுன்னா சூடு அதிகமாகும், சுத்து குறைஞ்சா ஆம்ப்ஸ் ஏறும். எதைச் செஞ்சாலும் 5.3-க்கு இறங்காது. குத்தவாளின்னு நான் கைகாட்டின ஆளுக்கு ஆதரவான சாட்சி என் நோட்டுலயே இருந்துச்சு.

வெள்ளிக்கிழமை ராத்திரியே பஸ் ஏறிட்டேன். வீட்டுக்குப் போகாம நேரா மாமா கடைக்குத்தான் போனேன். காலையில ஏழு மணி. வார்னிஷ் வாசனை. ஒரு ஸ்டேட்டரை மடியில வச்சுட்டு மூங்கில் குச்சியால காயிலை உள்ள தள்ளிட்டு இருந்தார். நிமிந்து பாத்தார், ஒண்ணும் சொல்லலை. நான் நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். 395, 5.3, 2930. தப்பு என்னோடதுதான், அப்பாவோடது இல்லைன்னேன்.

“அஞ்சு மூணா காட்டுச்சு?”

“ஆமாங்க மாமா.”

எந்திரிச்சுப் போய் ஒரு நீள நோட்டை எடுத்துட்டு வந்தார். எண்ணெய்க் கறையா இருந்துச்சு. ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு வரி: யாரோடது, ஸ்லாட் எத்தனை, சுத்து எத்தனை, கம்பி கேஜ், கடைசியா ஒரு நம்பர். எங்க மோட்டார் அதுல மூணு தடவை இருந்துச்சு. மூணு தடவையும் சுத்தும் கேஜும் அதேதான். கடைசி நம்பர் 2.8, 2.7, 2.8.

“காயில் கட்டி முடிச்சு, பம்பு மாட்டறதுக்கு முன்னால சும்மா ஓட்டிப் பாத்து எழுதறது. நோ-லோடு. காத்துல சுத்துனாலே 2.8 இழுக்கற மோட்டாரு. நீ பாத்தது 5.3. பாதி லோடுதான் தம்பி ஏறியிருக்குது. காயில் கெட்டா ஆம்ப்ஸ் ஏறும். எறங்குமா?”

கிளாஸ்மேட்ஸ் இங்க கவனிங்க. 5.3-ஐ 7.5-ஆல வகுத்தா 70 சதவீதம் வருது, ஸ்லிப் கணக்குல 58 வருது, ஏன் ஒத்துப் போகலைன்னு நான் முழிச்சிருந்தேன். காரணம் இதுதான். இண்டக்ஷன் மோட்டார் வேலையே செய்யாட்டாலும் காந்தப்புலத்தை உண்டாக்க ஒரு கரண்ட் இழுக்கும். அதைக் கழிக்கணும். 5.3-ல 2.8 போனா 2.5. 7.5-ல 2.8 போனா 4.7. 2.5-ஐ 4.7-ஆல வகுத்தா 53 சதவீதம். குத்துமதிப்புதான், ஆனா பாதி லோடுக்கு இது பரவாயில்லை. ஸ்லிப்புலயும் நான் ஒண்ணை விட்டுட்டேன். வோல்டேஜ் 415 இல்லை, 395. ஸ்லிப் வோல்டேஜோட வர்க்கத்துக்குத் தலைகீழா மாறும். அதைச் சரிபண்ணினா 58-ம் 53-க்கு வந்துடுது! அதாவது சுமார் 2.65 ஹெச்.பி. ரெண்டு வெவ்வேற வழி, ஒரே இடம்.

ரொம்பவும் சந்தோஷப்பட்டுடாதீங்க. ஃப்ரீக்வென்சி 50-க்குப் பதிலா 49.9 ஆனா போதும், 3000-ங்கறது 2994 ஆயிடும். 70 சுத்து ஸ்லிப்புல 6 சுத்து போச்சுன்னா கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம் தப்பு. தகட்டுல போடற 2880-ம் ரவுண்டு பண்ணினதுதான். அதுலயும் காயில் கட்டின மோட்டாருக்குத் தகட்டை நம்பவே கூடாது. எங்க விஷயத்துல ஒத்து வந்ததுக்குக் காரணம், மாமா மூணு தடவையும் பழைய சுத்தை எண்ணி அப்படியே கட்டினது.

“அப்ப வாங்க மாமா, ஒரு எட்டு கெணத்துக்குப் போயிட்டு வந்தர்லாம்”னேன்.

“உங்கப்பன் வந்து கூப்புடட்டும்.”

அப்பாகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் சட்டையை மாட்டிக்கிட்டு வண்டியை எடுத்தார். நானும் பின்னால உக்காந்தேன். கடைக்குப் போய் வாசல்ல இருந்த பெஞ்சுல உக்காந்து அங்க கிடந்த பேப்பரை எடுத்துப் படிக்க ஆரம்பிச்சுட்டார். உள்ள மாமா காயில் தள்ளிட்டு இருக்கார். அரை மணி நேரம். நான் நடுவுல நின்னுட்டு இருக்கேன். கடைசில மாமா பையனைக் கூப்பிட்டு, “மூணு டீ சொல்லு”ன்னார். டீ வந்துச்சு. குடிச்சாங்க. அப்பா பேப்பரை மடிச்சு வச்சுட்டு, “வெய்யல் ஏறறதுக்குள்ள போயிரலாமா மாப்ளே”ன்னார். அவ்வளவுதான் பேச்சு. மாமா ஸ்பேனர் பையை எடுத்துக்கிட்டார்.

தண்ணியை எப்பவும் போல மேல்காட்டுக்கு விட்டு, முதல்ல அதை அளந்தோம். 200 லிட்டர் டிரம் ஒண்ணை வாய்க்கால் முனையில வச்சு நிரப்பினா 54 செகண்ட். செகண்டுக்கு 3.7 லிட்டர். கயித்துல கல்லைக் கட்டிக் கிணத்துல விட்டா தண்ணி மட்டம் 11 மீட்டர் கீழ. மேல்காடு கிணத்து மேட்டை விட 3 மீட்டர் உசரம். இது கட்டடம் கட்டறவங்க தண்ணி ஊத்தி மட்டம் பாக்கற டியூபை வச்சுப் பாத்தது, வேர்த்துப் போச்சு. மொத்தம் 14 மீட்டர். ஆரம்பத்துல சொன்ன கணக்கு: 3.7-ஐ 14-ஆல பெருக்கி 76-ஆல வகுத்தா 0.68.

முக்கால் குதிரை கூட இல்லை! ஷாஃப்ட்டுல 2.65 வருது, வெங்காயத்துக்கு 0.68 போகுது. கொஞ்சம் பம்புல போகும், கொஞ்சம் பைப்புல உரசிப் போகும், சரி. ஆனா நாலுல மூணு பங்கா?

மாமா கணக்கையெல்லாம் கேட்டுக்கலை. கிணத்து மேட்டுல பைப்பு வெளிய வர்ற இடத்துல, கேட் வால்வுக்கு முன்னால இருந்த ஃபிளேஞ்சைக் கழட்டினார். “போடு”ன்னார். நான் ஸ்டார்ட்டரைப் போட்டேன். தண்ணி அப்படியே ஆளுயரத்துக்குப் பீச்சி அடிச்சுது. மூணு பேரும் நனைஞ்சோம். கிளாம்ப் மீட்டரைக் கவ்வினேன். 7.8.

“இப்ப சொல்லு, மோட்டாருக்கு வலு இருக்குதா இல்லையா?” மாமா என்னைப் பாத்துக் கேட்டார். அப்பாவைப் பாக்கலை.

வால்வைக் கழட்டினோம். மேல இருக்கற சக்கரம் நல்லாத்தான் சுத்துது. அப்பா எப்பவும் முழுசாத் திறந்துதான் விட்டிருக்கார். ஆனா உள்ள இருக்கற அடைப்புத் தகடு தண்டுல இருந்து கழண்டு கீழயே தொங்கிட்டு இருக்கு. சக்கரத்தைத் திருப்பினா தண்டு மட்டும் ஏறி இறங்குது. ஒரு கீத்து வழியாத்தான் இத்தனை நாளும் தண்ணி போயிட்டு இருந்திருக்கு. வழி குறுகினா பம்புல தண்ணி ஓட்டம் குறையும். சென்ட்ரிஃபியூகல் பம்புல ஓட்டம் குறைஞ்சா அது மோட்டார்கிட்ட கேக்கற பவரும் குறையும். லேப்ல பெல்ட்டைத் தளர்த்தின மாதிரி. காயில் கட்டின சமயத்துல வால்வை ஒரு தடவை மூடித் திறந்திருக்காங்க, அப்போ கழண்டிருக்கும். ‘கட்டினதுல இருந்துதான் இப்படி’ன்னு அப்பா சொன்னதும் பொய்யில்லை.

புது வால்வு வாங்கிப் போட்டு மறுபடி அளந்தேன். டிரம் 22 செகண்டுல நிரம்பிடுச்சு. செகண்டுக்கு 9 லிட்டர். ஆம்ப்ஸ் 6.9. மாமாவோட நோ-லோடு கணக்குல 87 சதவீதம், சுமார் 4.3 ஹெச்.பி. தண்ணிக்குப் போய்ச் சேர்றது 1.66. மீதி பம்புலயும் நூறு மீட்டர் பைப்புலயும் போகுது. ஏழரை ஹெச்.பி. போட்டிருந்தா? அதே வால்வு வழியாத்தான் தண்ணி போயிருக்கும். முப்பதாயிரம் செலவு பண்ணி ஏதோ கொஞ்சம் கூட வந்திருக்கும், அதுக்கும் மாமாவைத்தான் திட்டியிருப்போம்.

மாமா வால்வுக்கு மட்டும்தான் காசு வாங்கினார். கிளம்பறப்போ நோட்டை எடுத்து எங்க வரிக்குப் பக்கத்துல 6.9-னு எழுதிக்கிட்டார். டேக்கோமீட்டரை லேப்ல திருப்பிக் கொடுத்துட்டேன், அதனால புது ஸ்பீடு என்னன்னு அளக்க முடியலை. கணக்குப்படி 2885 பக்கம் வரணும். யாராவது எங்க ஊர்ப் பக்கம் டேக்கோமீட்டரோட போனா சொல்லுங்க :-)

அப்பாவும் மாமாவும் இப்போ பேசிக்கறாங்க. ஆனா மாமா காலையில அந்த டீக்கடைக்கு வர்றதில்லையாம், கடைக்கே டீ வாங்கிக்கறாராம். அன்னிக்கு அப்பா கேட்டப்போ அங்க ஏழெட்டுப் பேர் உக்காந்திருக்காங்க. வால்வு விஷயம் அதுல எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியலை. அடுத்த வாரம் ஊருக்குப் போறேன். காலையில அப்பாவோட அந்தக் கடைக்குப் போறதா இருக்கேன். கழட்டின பழைய வால்வு மோட்டார் ரூம்லதான் கிடக்கு, அதையும் கையோட எடுத்துட்டுப் போகணும்.